காக்கிக்கு ஒன்று, வேட்டிக்கு ஒன்று

அந்த ஆனி மாதத்தில் வந்த வழியே ஓடிப்போன இரண்டாவது மாப்பிள்ளை வீடு அது. நரிக்குடியிலிருந்து விசாரிக்க வந்த பெரியவர், தெருமுனையில் ஒச்சம்மாளின் பணியாரக் கடையில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டார். ஐந்தாவது கேள்விக்கு அவசியமே இருக்கவில்லை. பாதிப் பணியாரத்தை இலையிலேயே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டிவிட்டாராம்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து வந்த வெங்கடலட்சுமி கடை வாசலிலேயே நின்று கேட்டாள்.

"என்னக்கா சொன்ன அவருகிட்ட?"

"பெருசா ஒண்ணுமில்ல தாயி. நம்ம பொண்ணுக்குக் கோவம் வந்தா கையில கிடைச்சதத் தூக்கி எறிவான்னேன். 'என்னத்தை எறியும் அந்தப் பொண்ணு?'ன்னாரு. போன வாரம் ஆட்டுரல எறிஞ்சான்னேன்."

"ஆட்டுரலையா! யாராச்சும் நம்புவாகளா?"

"அவரு நம்பிட்டாரே!"

எந்த ஊரிலும் பெண் எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஓர் ஆளை அனுப்பித் தெருமுனையில் துப்பு விசாரிப்பார்கள். தெருவும் ஒரு குறையை மறைத்து, இரண்டு வயதைக் குறைத்து, பெண்ணைக் கரையேற்றிவிடும். அதுதான் உலக வழக்கம். அருப்புக்கோட்டையின் அந்த நெசவாளர் தெருவில் மட்டும் அந்த வருஷம் வழக்கம் தலைகீழாகிவிட்டது. பெண்ணே கேட்டுக்கொண்டபடி தெரு அவளைத் திட்டியது.

முதலில் ஒச்சம்மாளுக்கு நாக்குக் கூசத்தான் செய்தது. ஆறாமல் கிடந்த அவள் கால் புண்ணுக்கு ஒரு நாள் தவறாமல் கட்டுப்போட்டுவிடுகிற பெண் ஆயிற்றே. "உன்னையப் போயி எப்படித் தாயி?" என்று கண் கலங்கினாள். ஆனால் பொய்யும் பலகாரம் மாதிரிதான். சட்டி சூடாகும்வரைக்கும்தான் தயக்கம். மூன்றாவது வாரத்தில் ஒச்சம்மாள், வராத மாப்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சுட்டு வைத்திருந்தாள்.

காரணம் குவைத்து.

நேர்முகத் தேர்வுக்கென்று மெட்ராஸ் போனபோதுதான் வெங்கடலட்சுமி முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். மழையையே வருஷத்துக்கு நாலு தடவை பார்க்கிற ஊர்க்காரி. அத்தனை தண்ணீரைக் கண்டதும், இதற்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசை பிடித்துக்கொண்டது. வேலையும் கிடைத்துவிட்டது. குவைத்துக்குப் போவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதற்கான காகிதங்கள் மெட்ராஸுக்குப் போய்ச் சேர்வதுதான் பெரிய காரியம். நர்சிங் கவுன்சிலில் பதிந்த சான்று கேட்டார்கள், கொடுத்தாள். மார்பை எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாள். ஊருக்கே அம்மை குத்தியவள், வெளிநாடு போகிறவர்களுக்கான மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் முத்திரை வாங்குவதற்காகத் தானும் வரிசையில் நின்று அம்மை குத்திக்கொண்டாள். அவள் போவதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்க ஐந்து மாதம் ஆனது. இத்தனைக்கும் அவள் போனால் அரசாங்கம் கவலைப்படும் என்று யாரும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது பாஸ்போர்ட் ஒன்றுதான். அதற்குப் போலீஸ் வந்து ஆள் எப்படி என்று விசாரித்து எழுத வேண்டும்.

அப்பா பாலையா அமைதியான மனிதர். தாயில்லாப் பெண்ணை இருபத்தாறு வயதுவரை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று ஊர் பேசியது அவருக்கு உறுத்தியது. அதைவிட, கண்காணாத தேசத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்பது அதிகமாக உறுத்தியது. வீட்டில் பேச்சு தெலுங்கில்தான். சண்டை மட்டும் ஏனோ தமிழில் நடக்கும்.

"மூணு வருஷந்தான் நைனா. திரும்பி வந்து நீங்க காட்டுற ஆளுக்குக் கழுத்த நீட்டுறேன்."

"அப்ப உனக்கு இருபத்தொம்போது. நான் காட்டுறதுக்கு ஆளு மிச்சமிருக்கணும்ல?"

"மிச்சமில்லேன்னா விடுங்க."

பாலையா தறியை நிறுத்தினார்.

"சரி. ஒரு கெடு வச்சுக்கிடுவோம். ஆவணி பொறக்கிறதுக்குள்ள உன் பாஸ்போர்ட்டு கைக்கு வந்துட்டா, நானே பெட்டியத் தூக்கிட்டு வாரேன். வரலேன்னா மொத முகூர்த்தத்துல கல்யாணம். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் வெங்கடலட்சுமி. பாலையா சொன்னால் சொன்னதுதான். அவளும் அவர் பெண்தான்.

அன்று சாயங்காலமே கடையில் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். போலீஸுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வேறு வேறு பதில் சொல்ல வேண்டுமே, குழம்பிவிடக் கூடாதே என்று வெங்கடலட்சுமி படித்துப் படித்துச் சொன்னாள்.

"லேசான கணக்குதான்க்கா. காக்கி போட்டு வந்தா போலீஸு. நல்லதாச் சொல்லு. வேட்டி கட்டி வந்தா மாப்பிள்ளை வீடு. கெட்டதாச் சொல்லு."

"காக்கின்னா நல்லது, வேட்டின்னா கெட்டது," என்று ஒச்சம்மாள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தெருவில் பதினோரு வீட்டுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள்.

நாலாம் நாள் ஒரு வேட்டி வந்தது.

நாற்பது வயது இருக்கும். கக்கத்தில் குடை, கையில் ஒரு பழைய நோட்டு. பெயர் சோலைச்சாமி என்றார். நாலு பணியாரம் வாங்கி, சட்னியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கி, சாவகாசமாகச் சாப்பிட்டார். பிறகு, "இங்க பாலையா மக வெங்கடலட்சுமின்னு ஒரு பொண்ணு. ஆளு எப்படி?" என்றார்.

ஒச்சம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். கைகள் இரண்டும் வேண்டியிருந்தன.

"அதையேன் ஐயா கேக்குறீக! வாயத் தொறந்தான்னா தெருவுல நாய் கூடக் குலைக்காது. ராத்திரியானா வீடு தங்கமாட்டா. ஊருல பாதிச் சனத்த அவ குத்தியிருக்கா."

"குத்தியிருக்காளா?"

"ஊசியாலதேன். ஆனா குத்துறப்ப மூஞ்சியப் பாக்கணும் நீங்க! அம்புட்டு சந்தோசம்!"

சோலைச்சாமி எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெங்கடலட்சுமியே டூட்டி முடிந்து வந்து சேர்ந்தாள். நோட்டையும் வேட்டியையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா சொன்னது பாதிதான்," என்றாள். "மீதிய நானே சொல்றேன். சமைக்கத் தெரியாது. பெரியவங்கன்னு எந்திரிச்சு நிக்கமாட்டேன்."

"அப்படியா? உயரம் எவ்வளவும்மா?"

"அஞ்சடி ரெண்டங்குலம்."

"இடது காதுக்குக் கீழ மச்சம்?"

"இருக்கு. பாத்துக்கிடுங்க." மச்சத்தைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்களே, கொஞ்சம் அழுத்தமான மாப்பிள்ளை வீடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"வெளிநாடு போகப் போறதாச் சொல்றாங்களே?"

கடைசிக் கல்லையும் எறிந்துவிட வேண்டியதுதான் என்று வெங்கடலட்சுமி முடிவு செய்தாள்.

"ஆமா. போனா போனதுதான். திரும்பி வர்ற நெனப்பே கிடையாது."

அதற்குள் பதினோரு வீட்டு வாசலிலும் ஆள் நின்றிருந்தது. சோலைச்சாமி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறை புதிதாகக் கிடைத்தது. கடைசி வீட்டுக் கிழவர், "சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். சோலைச்சாமி நோட்டை மூடி, குடையை விரித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் போய்விட்டார்.

"இவுக ஊரு போயிச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கமாட்டாக," என்றாள் ஒச்சம்மாள் பெருமையாக.

இரண்டு நாள் கழித்து ஒரு காக்கி வந்தது.

கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை, நன்றாக ஒதுக்கிய மீசை, முப்பது வயது. கடையில் உட்காராமல் நின்றுகொண்டே, கொஞ்சம் கூச்சமாக, பாலையா மகளைப் பற்றிக் கேட்டார். ஒச்சம்மாள் ஓட்டமாக ஓடி வெங்கடலட்சுமியை எழுப்பினாள். அவள் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாக தாயி! காக்கி வந்துட்டாக! தங்கம்னு சொல்லியிருக்கேன். பத்தரமாத்துன்னு சொல்லியிருக்கேன். இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

அப்பா நூல் வாங்கப் போயிருந்தார். வெங்கடலட்சுமி முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி, காக்கியை வீட்டுக்கே வரவழைத்துக் காபி கொடுத்தாள். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "சமையலெல்லாம் நல்லா வருமா?" என்று கேட்டார்.

போலீஸ் இதையெல்லாமா கேட்கும் என்று ஒரு கணம் தோன்றியது. வெளிநாட்டில் தனியாக இருக்க வேண்டுமே, அதற்காகக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நல்லா வரும் சார். எல்லாம் நானேதான்."

"கோவம் வருமா?"

"எனக்கா? கோவம்னா என்னன்னே தெரியாது."

காக்கிக்காரர் ரொம்பத் திருப்தியாகப் போனார். மறுநாள் பாலையா தறியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடி வெங்கடலட்சுமி கேட்டதே இல்லை.

"என்ன நைனா விசேஷம்?"

"விருதுநகர்ல இருந்து ஆளு வந்துச்சு. நம்ம சனந்தான். பையன் பேரு ரங்கராஜ். பஸ்ஸு கண்டக்டராம். நேத்து அவனே நேர்ல வந்து விசாரிச்சிட்டுப் போனானாம்ல? தெருவே ஒன்னையப் புகழுதாம். ஆவணி மொத முகூர்த்தம்னா அவுகளுக்கும் தோதுதானாம்."

வெங்கடலட்சுமிக்குத் தலை சுற்றியது. காக்கி போலீஸுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது, தினமும் காக்கி போட்ட ஆம்புலன்ஸ் டிரைவரைப் பார்க்கிற ஒரு நர்ஸுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அடுத்த நிமிஷம் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று வந்தது. அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அங்கே எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாஸ்போர்ட்டு விசாரணையா? அது முடிஞ்சு போச்சேம்மா. அதுக்கெல்லாம் யூனிபாரம் போடமாட்டாக, சி.ஐ.டி. ஆளுதான் வருவாரு. சோலைச்சாமின்னு பேரு. குடை வச்சிருப்பாரே, பாக்கலியா?"

"ரிப்போர்ட்டு...?"

"அன்னைக்கே எழுதி மேல அனுப்பிட்டாரு. ராத்திரி ரொம்ப நேரம் எழுதினாரு பாவம். மையி தீந்து போயி என்கிட்ட வாங்கினாரு."

வெங்கடலட்சுமி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். ராத்திரியானால் வீடு தங்கமாட்டாள், ஊரில் பாதிப் பேரைக் குத்தியவள், போனால் திரும்பி வரமாட்டாள். இப்படி ஒரு பெண்ணுக்கு எந்த அரசாங்கம் பாஸ்போர்ட் கொடுக்கும்? மெட்ராஸில் பார்த்த கடல், அலையோடு சேர்ந்து பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அழுகை வந்தது. அங்கேயே நின்று அழுதாள்.

சோலைச்சாமி மல்லாங்கிணறு பக்கம் விசாரணைக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒச்சம்மாளையும் இழுத்துக்கொண்டு அங்கே பஸ் ஏறினாள். வேட்டியும் குடையுமாகப் போனவர்களையெல்லாம் வழி மறித்து, "இது ரொம்ப நல்ல பொண்ணுங்க ஐயா!" என்று ஒச்சம்மாள் கெஞ்சினாள். அதில் ஒருவர் வெள்ளாட்டு வியாபாரி. இன்னொருவர், "எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருச்சும்மா," என்று பயந்து போய்ச் சொன்னார். சோலைச்சாமி மட்டும் கண்ணில் படவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் புதுச் சட்டம் போட்டார்கள். சி.ஐ.டி. மறுபடியும் வந்தால் வேட்டியோடுதான் வருவார். அதனால் வேட்டிக்கு இனிமேல் நல்லது. கண்டக்டர் வீட்டார் மறுபடியும் வந்தால் காக்கிதான். அதனால் காக்கிக்கு இனிமேல் கெட்டது. ஒச்சம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "இப்பத்தான் தாயி மொதச் சட்டம் மனசுல பதிஞ்சுச்சு," என்றாள். ஆனாலும் சொன்னபடி செய்தாள்.

ஆடி முழுக்க ஒரு வேட்டியும் வரவில்லை. பாலையா மகளின் முகத்தைப் பார்த்தார், பாட்டை நிறுத்திக்கொண்டார். "கெடுவ வேணும்னா கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுவோமா?" என்று ஒரு நாள் தானாகவே கேட்டார். "வேணாம் நைனா. சொன்னா சொன்னதுதான்," என்றாள்.

ஆடி கடைசி நாள் மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, ஒச்சம்மாள் வெற்றி முகத்தோடு காத்திருந்தாள்.

"ஒரு காக்கிய விரட்டிட்டேன் தாயி! தோள்ல பையோட வந்தான். வெங்கடலட்சுமி இருக்காகளான்னு கேட்டான். 'அவளா? அவ ஊர விட்டு ஓடி மூணு மாசமாச்சு, எந்த ஊருன்னு எவனுக்கும் தெரியாது'ன்னுட்டேன். உங்க நைனா சந்தைக்குப் போயிருந்தாரு. தெருவே ஆமான்னுச்சு. ஒரு கவர்ல என்னமோ எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"கவரா?"

"ஆமா, பெரிய பழுப்புக் கவரு. அரக்கு முத்திரை கூட..."

"அக்கா, அது தபால்காரரு!"

"நம்ம தபால்காரரு முத்தையாதானே? இவன் புது ஆளு. பை வச்சிருந்தானேன்னு கேக்குறியா? கண்டக்டரும் பைதானே தாயி வச்சிருப்பாரு!"

வெங்கடலட்சுமி ஓடினாள். புண் காலோடு ஒச்சம்மாளும் பின்னால் ஓடினாள். தெருவில் பதினோரு வீடும் அவர்கள் பின்னால் ஓடியது. சந்தையிலிருந்து வந்த பாலையா, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கத்தரிக்காய்ப் பையோடு ஓடினார். தபாலாபீஸில் சாயங்காலம் அனுப்புகிற தபால் பையை அரக்கு வைத்து மூடப் போகிற நேரம். முத்தையாவுக்குக் காய்ச்சல் என்று பதிலுக்கு வந்திருந்த புதுத் தபால்காரர், கையிலிருந்த பழுப்புக் கவரைக் காட்டினார். "விலாசதாரர் ஊரை விட்டு ஓடிவிட்டார்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"நான்தான் வெங்கடலட்சுமி! நான் ஓடலை!"

"இப்ப ஓடித்தானேம்மா வந்தீக," என்றார் அவர் சந்தேகமாக.

பாலையா மூச்சு வாங்கிக்கொண்டே முன்னால் வந்தார். கெடு முடிய இன்னும் அரை நாள்தான். அவர் பேசாமல் நின்றுவிட்டால் ஆவணியில் மகள் கழுத்தில் தாலி ஏறும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்தார். பிறகு, "இது என் மகதான் சார். காதுக்குக் கீழ மச்சம் இருக்கும் பாருங்க. குடுத்துருங்க," என்றார்.

உள்ளே இருந்தது பாஸ்போர்ட்.

அன்று ராத்திரி சண்டை இல்லாமலே பாலையா தமிழில் பேசினார். "காய்ச்சல் வந்தா கஞ்சி நீயே வச்சுக்கிடணும், தெரியுமா?" என்று மட்டும் சொன்னார். ரங்கராஜ் வீட்டுக்கு அவரே போய்த் தன்மையாகச் சொல்லிவிட்டு வந்தார். ரங்கராஜ் நல்ல மனிதர். குவைத்தில் பஸ் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்தாராம்.

ஆனால் வெங்கடலட்சுமிக்கு ஒன்று மட்டும் விளங்கவே இல்லை. அப்பேர்ப்பட்ட ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எப்படி பாஸ்போர்ட் கொடுத்தார்கள்?

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, ஒச்சம்மாளின் காலுக்குக் கடைசியாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் காலை நீட்டிக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பாலையா சொன்னபடி பெட்டியைத் தலையில் தூக்கி வைத்திருந்தார். அப்போது கக்கத்தில் குடையோடு ஒரு வேட்டி கடை வாசலில் வந்து நின்றது.

"நாலு பணியாரம். சட்னி தாராளமா," என்றார் சோலைச்சாமி.

ஒச்சம்மாள் கட்டுப்போட்ட காலோடு எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, சாமி! அன்னைக்கு நான் சொன்னது அம்புட்டும் பொய்யிங்க! இது தங்கமான பொண்ணுங்க!"

"அன்னைக்குப் பதினோரு வீட்டுலயும் தங்கம்னு யாரும் சொல்லலியேம்மா."

வெங்கடலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள். "சார், மறைக்காமச் சொல்லுங்க. எங்க தெரு சொன்னதையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுதிட்டீகளா?"

"ஒண்ணு விடாம எழுதினேன். கேசு இருக்கா கோர்ட்டு இருக்கான்னு பாத்தேன், எதுவும் இல்ல. மேலதிகாரி ஆறு பக்கத்தையும் படிச்சுட்டு, சுருக்கமா எழுதிக் கொண்டாய்யான்னுட்டாரு." சோலைச்சாமி முதல் பணியாரத்தைச் சட்னியில் தோய்த்தார். "அதான் ஒரே வரியில முடிச்சிட்டேன்: 'மேற்படி பெண் நாட்டை விட்டு வெளியேறுவதில் தெருவாசிகள் ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை, கூடிய சீக்கிரம் அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.'"